செல்ஃப் மோட்டாரை மாற்றிய பிறகும் திணறிய என்ஜின்: வீட்டு வாசலில் நடந்த ஒரு பழுதுபார்ப்பின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

வண்டி பன்னிரண்டு வயதான சிறிய பெட்ரோல் கார். நான்கு சிலிண்டர், கையால் மாற்றும் கியர், முன்சக்கர இழுவை. உரிமையாளர் தினமும் வேலைக்கு அதில்தான் போய் வருகிறார். ஆயில் மாற்றுவது, பேட்டரி மாற்றுவது போன்றவற்றைத் தானே செய்துகொள்வார். அதற்கு மேல் கை வைத்ததில்லை. உடன் நின்று வேலை செய்தவர் அவருடைய அக்கா மகன். தொழிற்சாலை ஒன்றில் மின் பராமரிப்புப் பிரிவில் இருப்பவர். மோட்டாரும் மீட்டரும் அவருக்குத் தினசரி விஷயம், கார் மட்டும் புதிது. விளக்குப் பிடிக்கவும் அளவுகளைக் குறித்துக்கொள்ளவும் நான் கூட இருந்தேன். இருவருடைய சம்மதத்தோடு, பெயரையும் வண்டியின் மாடலையும் விட்டுவிட்டு இதைப் பதிவு செய்கிறேன்.

சாவியைத் திருப்பியதும் என்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார், அதாவது ஸ்டார்ட்டர் மோட்டார், உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தது. அதை மாற்றியதும் சரியான முடிவுதான். ஆனால் பழுது அதோடு முடியவில்லை. இரண்டாவது பழுதை முதல் பழுது மறைத்துவிட்டது. எப்படி மறைத்தது என்பது மல்டிமீட்டரோடு வண்டிக்கு அடியில் படுக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அதனால்தான்.

தொல்லை சத்தமில்லாமல்தான் ஆரம்பித்திருக்கிறது. சில மாதங்களாகக் காலையில் சாவியைத் திருப்பினால் என்ஜின் கொஞ்சம் சோம்பலாகச் சுற்றியது. பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துப் புதிது போட்டார். சில வாரங்கள் பரவாயில்லை போலிருந்தது. அப்புறம் புதுத் தொல்லை: நீண்ட தூரம் ஓட்டிவிட்டு எங்காவது நிறுத்தி, உடனே கிளப்பப் பார்த்தால் ஒரே ஒரு 'டக்', அவ்வளவுதான். அரைமணி நேரம் காத்திருந்தால் எதுவுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிவிடும். கடைசியில் குளிர்ந்த என்ஜினிலும் அதே 'டக்' வர ஆரம்பித்தது.

சூட்டில் முதலில் படுப்பதற்குக் காரணம் உண்டு. செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். என்ஜினை ஒட்டியிருக்கும் மோட்டாரின் சுருள் 80 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் தடை ஏறக்குறைய முப்பது சதவீதம் ஏறிவிடும். அதற்கேற்ப மின்னோட்டம் குறைகிறது, சுருளின் காந்த இழுப்பும் குறைகிறது. நன்றாக இருக்கும் மோட்டாருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் மோட்டாருக்கு அதுவே போதும்.

ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பு கிளட்ச் வேலைக்காக கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். இதை உரிமையாளர் வெகு தாமதமாகத்தான் சொன்னார். எங்களில் யாரும் கேட்கவும் இல்லை.

## கவனித்தவை

முதலில் சத்தம். சாவியைத் திருப்பும்போது 'டக்டக்டக்' என்று வேகமாகத் தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் பேட்டரியோ அதன் இணைப்போ பலவீனம். மோட்டாரோடு சேர்ந்திருக்கும் மின்காந்தச் சுவிட்சான சாலினாய்டு இழுத்ததும் வோல்ட்டேஜ் சரிந்து விட்டுவிடுகிறது, விட்டதும் வோல்ட்டேஜ் ஏறி மறுபடி இழுக்கிறது. இங்கே கேட்டது ஒரே ஒரு கனமான 'டக்'. முகப்பு விளக்குகளை எரியவிட்டு மறுபடி திருப்பச் சொன்னோம். வெளிச்சம் லேசாகத்தான் குறைந்தது. மோட்டார் சிக்கிக்கொண்டு நின்றிருந்தால் மிக அதிக மின்சாரத்தை இழுத்து விளக்கை நன்றாக மங்க வைத்திருக்கும். ஆக, மோட்டாருக்குப் பெரிய மின்னோட்டம் போகவே இல்லை.

உரிமையாளர் இன்னொன்றும் சொன்னார். யாரோ சொன்னதைக் கேட்டு, வீல் ஸ்பேனரால் மோட்டாரின் மேல் இரண்டு தட்டு தட்டியிருக்கிறார், வண்டி கிளம்பியிருக்கிறது. "இனிமே அப்படி அடிக்காதீங்க மாமா" என்று அக்கா மகன் உடனே தடுத்தார். இன்றைய சிறிய கார்களில் பலவற்றின் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள் கம்பிச் சுருளுக்குப் பதிலாக நிரந்தரக் காந்தங்களே இருக்கின்றன. அவை பீங்கானைப் போல நொறுங்கும் தன்மை கொண்டவை, உறையின் உட்சுவரில் ஒட்டப்பட்டிருப்பவை. பலமாக அடித்தால் விரிசல் விட்டு, துண்டு சுழலும் பகுதிக்குள் சிக்கி, மோட்டார் மொத்தமாகப் பூட்டிக்கொள்ளும். தட்டினால் ஓடுகிறது என்பது உள்ளே சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷோ சாலினாய்டின் தொடுமுனையோ தேய்ந்திருப்பதற்கான தடயம். அந்தத் தகவலை எடுத்துக்கொண்டு தட்டுவதை நிறுத்திவிட வேண்டும்.

அடுத்து மீட்டர். அளப்பதற்கு முன்பு எரிபொருள் பம்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டோம், என்ஜின் தற்செயலாகக்கூடக் கிளம்பக் கூடாது என்பதற்காக. கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டுகளில் இறக்கினோம். மீட்டரின் முனைகளை முதலைக் கவ்விகளால் மாட்டி ஒயரை வெளியே இழுத்துவந்தோம். சாவி திருப்பும் நேரத்தில் வண்டிக்கு அடியில் யாரும் இல்லை. இதில் சமரசமே கிடையாது என்று அக்கா மகன் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

மோட்டாரின் சாலினாய்டில் மூன்று இணைப்புகள். பேட்டரியிலிருந்து நேரே வரும் தடித்த ஒயர் பிடிக்கும் முனைக்குப் பல வண்டிகளில் 30 என்று எண். சாவியைத் திருப்பினால் மின்சாரம் வரும் சிறிய முனைக்கு 50. மூன்றாவது, சாலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் முனை. உள்ளே இரண்டு சுருள்கள்: இழுக்கும் சுருள் ஒன்று, பிடித்து நிறுத்தும் சுருள் ஒன்று. சாவி திரும்பியதும் இரண்டும் சேர்ந்து ஓர் இரும்புத் தண்டை உள்ளே இழுக்கின்றன. தண்டின் ஒரு பக்கம் பினியன் என்ற சிறிய பல்சக்கரத்தை, என்ஜினோடு சேர்ந்து சுழலும் பெரிய சக்கரமான ஃப்ளைவீலின் பற்களோடு கோக்கிறது. மறுபக்கம் ஒரு செம்புத் தகட்டை இரண்டு தொடுமுனைகளின் மேல் அழுத்தி, 30-லிருந்து மோட்டாருக்குப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. அந்த 'டக்' என்பது இந்தத் தண்டு போய் முட்டும் ஓசை.

நான் குறித்துக்கொண்ட அளவுகள் இவை. சாவி திருப்பாதபோது பேட்டரியின் கம்பங்களுக்கிடையே 12.58 வோல்ட், ஏறக்குறைய முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரிக்குரிய அளவுதான். சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருந்தபோது அது 12.31. அதே நேரத்தில் 30-ஆம் முனைக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே 11.97. 50-ஆம் முனையில் 11.2. மோட்டாருக்குள் போகும் மூன்றாவது முனையில் வெறும் 0.4.

கடைசி எண்தான் தீர்ப்பைச் சொன்னது. தடித்த ஒயரில் கிட்டத்தட்ட 12 வோல்ட் வந்து நிற்கிறது. சாவியின் கட்டளையும் வந்துவிட்டது. ரிலே, சாவிப் பெட்டி, கிளட்ச் பெடல் சுவிட்ச் எல்லாம் வேலை செய்கின்றன. தண்டும் நகர்கிறது. ஆனால் செம்புத் தகட்டைத் தாண்டி மின்சாரம் போகவில்லை. தொடுமுனைகள் கருகியிருக்கின்றன.

இதே அளவுகளில் இன்னொரு செய்தியும் இருந்தது. பேட்டரிக் கம்பங்களில் 12.31, மோட்டாரிடத்தில் 11.97. நடுவில் 0.34 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. எண் சிறியதாக இருந்ததால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

தொடுமுனைகளை மட்டும் மாற்றலாமா என்ற கேள்வி முதலில் வந்தது. சில வகை மோட்டார்களில் சாலினாய்டின் பின்மூடியைத் திறந்து செம்புத் துண்டுகளை மட்டும் புதிதாகப் போட முடியும். நல்ல சிக்கனமான வழி. இந்த மோட்டாரின் சாலினாய்டு மூடியை விளிம்பு மடித்துப் பூட்டியிருந்தார்கள். மடிப்பைப் பிரிக்காமல் திறக்க முடியாது. பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியதில் பிரஷ்களும் தேய்ந்திருக்கும். முழு மோட்டாரையும் மாற்றிவிடலாம் என்று உரிமையாளர் முடிவெடுத்தார். தினமும் வண்டி தேவைப்படுகிறவருக்கு அது நியாயமான முடிவு.

புத்தம் புதிதா, மறுசீரமைத்ததா என்பதில் மறுசீரமைத்ததைத் தேர்ந்தெடுத்தார்கள். வண்டியின் மாடலைச் சொல்லி வாங்காமல், பழைய மோட்டாரின் உறையில் பொறித்திருந்த பாக எண்ணைப் படித்து அதற்குரியதை வரவழைத்தார்கள். ஒரே மாடல் காரிலேயே வருடத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் ஏற்ப மோட்டார் மாறும்.

வீட்டிலேயே செய்யலாமா என்பதை வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்த பிறகே தீர்மானித்தார்கள். மோட்டாரைப் பிடித்திருந்தவை இரண்டு போல்ட்கள். கீழ்ப் போல்ட்டுக்கு அடியிலிருந்தே சாக்கெட் எட்டியது. மேல் போல்ட்டுக்கு, ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு மேலிருந்து நீண்ட எக்ஸ்டென்ஷனை விட்டால் போதும். சில வண்டிகளில் இதே மோட்டார் உள்ளிழுப்புக் குழாய்த் தொகுதிக்கு அடியில் புதைந்திருக்கும், சிலவற்றில் ஓட்டு அச்சைக் கழற்றினால்தான் வெளியே வரும். அப்படி இருந்திருந்தால் பட்டறைக்கே அனுப்பியிருப்போம் என்று பின்னால் அக்கா மகன் சொன்னார்.

## கழற்றியது

முதல் வேலை பேட்டரியின் நெகடிவ் இணைப்பை எடுத்து, தற்செயலாகத் தொட்டுவிடாதபடி துணி சுற்றி ஒதுக்கி வைத்தது. ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த ஒயர் பெரும்பாலான வண்டிகளில் ஃப்யூஸ் எதுவும் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேரே வருகிறது. சாவியை எடுத்துவிட்டாலும் அதில் எப்போதும் மின்சாரம் உண்டு. நெகடிவை எடுக்காமல் அந்த நட்டைக் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை வண்டியின் உடலில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும். ஸ்பேனர் பழுக்கச் சிவக்கும், பேட்டரி வெடிக்கவும் கூடும். நெகடிவை ஏன் முதலில் எடுக்க வேண்டும் என்றால், அதைக் கழற்றும்போது ஸ்பேனர் உடலில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. இரண்டுமே ஒரே இணைப்பு. மாட்டும்போது அதுவே கடைசி.

மேல் போல்ட் அசையவில்லை. துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயை அடித்து இரவு முழுக்க விட்டார்கள். "பைப்பை மாட்டி ஒரே இழுப்பா இழுத்துடலாமா மாப்ளே?" என்று உரிமையாளர் கேட்டார். அக்கா மகன் மறுத்துவிட்டார். கியர்பாக்ஸின் உறை அலுமினியம், போல்ட் எஃகு. மூர்க்கமாக இழுத்தால் ஒன்று தலை முறியும், அல்லது அலுமினியத்தின் மரை பிய்ந்துகொண்டு வரும்; அப்புறம் மோட்டார் வேலை கியர்பாக்ஸ் வேலையாகிவிடும். மறுநாள் இறுக்கும் திசையில் ஒரு துளி அசைத்து, பிறகு தளர்த்தி, முன்னும் பின்னுமாக ஆட்டி வெளியே எடுத்தார்.

மோட்டார் வெளியே வந்ததும் அந்த ஓட்டை வழியே ஃப்ளைவீலின் விளிம்பைச் சுற்றியுள்ள ரிங் கியர் பற்கள் தெரிந்தன. பலரும் தாண்டிப் போகும் இடம் இது. நான்கு சிலிண்டர் என்ஜின் அணைக்கப்படும்போது எங்கே வேண்டுமானாலும் நிற்பதில்லை. அழுத்தத்தின் காரணமாகப் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். அதனால் பினியன் வந்து மோதும் பற்களும் அந்த இரண்டு பகுதிகளிலேயே அதிகம் தேயும். ஓட்டைக்கு நேரே தெரிகிற நான்கு பற்களைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, என்ஜினை அது சுற்றும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்றி, ஒரு முழுச் சுற்றுக்கும் பற்களைப் பார்த்தோம். இரண்டு இடங்களில் பற்களின் முனை சற்று மழுங்கியிருந்தது; உடைசல் இல்லை. அப்படியே விட்டுவிடலாம் என்று முடிவாயிற்று.

## மாட்டியது

பழையதையும் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பினியனின் பற்களை எண்ணினார்கள். போல்ட் ஓட்டைகளின் இடைவெளி, மூக்குப் பகுதியின் நீளம், முனைகள் நோக்கும் திசை, நட்டின் அளவு எல்லாம் ஒத்திருந்தன.

மாட்டுவதற்கு முன்பு மோட்டாரைப் பெஞ்ச் வைஸில் இறுக்கி, ஜம்பர் ஒயர்களால் பேட்டரியோடு இணைத்து ஓரிரு விநாடி ஓட்டிப் பார்த்தார் அக்கா மகன். பினியன் வெளியே பாய்ந்து சுழன்றது. வண்டிக்கு அடியில் அரை நாள் போராடி மாட்டிய பிறகு, வந்த மோட்டாரே பழுது என்று தெரிந்தால் அந்தச் சோர்வு பெரிது. இந்தச் சோதனைக்கு ஆகும் நேரமோ சில நிமிடம். கையில் பிடித்துக்கொண்டு மட்டும் செய்யக் கூடாது. கிளம்பும் கணத்தில் மோட்டார் எதிர்த்திசையில் திருகும் வேகத்துக்குக் கை தாங்காது.

மறுசீரமைத்த மோட்டாருக்கு அழகாகக் கறுப்பு வண்ணம் அடித்திருந்தார்கள், கியர்பாக்ஸோடு பொருந்தும் முகத்திலும் சேர்த்து. இதைக் கவனித்தது அக்கா மகனுடைய தொழில் பழக்கம். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் தனியாக நெகடிவ் ஒயர் கிடையாது. அதன் உறையே நெகடிவ். உறை தொட்டுக்கொண்டிருக்கும் கியர்பாக்ஸ் வழியாகத்தான் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். நடுவில் பெயின்ட் இருந்தால் அந்தப் பாதையில் தடை. பொருந்தும் முகத்தை எமரி தாளால் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்த்தார். கியர்பாக்ஸின் முகத்தை வயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்தார். போல்ட்களைக் கையால் முழுக்க ஓட்டிய பிறகே, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை எடுத்து, வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருந்த அளவுக்கு இறுக்கினார். தடித்த ஒயரின் நட்டில் கூடுதல் கவனம் வேண்டும்: அந்த முனை செம்பு, அதைப் பிடித்திருப்பது பிளாஸ்டிக் மூடி. அதிகம் இறுக்கினால் முனை மூடிக்குள்ளேயே சுழன்று, உள்ளிருக்கும் தொடுமுனை இடம் மாறிவிடும்.

## கிளம்பியது, ஆனாலும் திணறல்

பேட்டரியை இணைத்து, ஃப்யூஸைப் போட்டு, சாவியைத் திருப்பினார்கள். என்ஜின் கிளம்பிவிட்டது. உரிமையாளர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அக்கா மகன் மட்டும் அணைத்துவிட்டு இன்னொரு முறை திருப்பச் சொன்னார். அப்புறம் இன்னொரு முறை.

"ஓடுதே மாப்ளே, போதாதா?"

"ஓடுது மாமா. ஆனா புது மோட்டார், புது பேட்டரி. இவ்வளவு சோம்பலா சுத்தக் கூடாது."

அவர் சொன்னது சரி. காதாலேயே கேட்க முடிந்தது. ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் தாண்டும்போது என்ஜின் தயங்கித் தயங்கிச் சுற்றியது. பல மாதங்களுக்கு முன்பு ஆரம்பித்த அதே சோம்பல். இதே இடத்தில் கருவிகளை மூட்டை கட்டியிருந்தாலும் வண்டி தினமும் கிளம்பியிருக்கும், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வேலையின் மிக முக்கியமான முடிவு இங்கேதான் எடுக்கப்பட்டது என்பது என் எண்ணம்.

மறுபடி எரிபொருள் பம்ப் ஃப்யூஸை எடுத்தார்கள். இந்த முறை மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகடிவ் கம்பத்தில், மறுமுனை மோட்டாரின் உறையில். இரண்டும் நெகடிவ்தான், எல்லாம் சரியாக இருந்தால் மீட்டர் கிட்டத்தட்ட சுழியம் காட்ட வேண்டும். என்ஜின் சுற்றும்போதுகூட 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. மீட்டர் காட்டியது 1.24.

பேட்டரிக் கம்பங்களில் அதே நேரத்தில் 10.6 இருந்தது. பாசிடிவ் பக்கத்தில் 0.22 போகிறது. ஆக மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது 9.1 வோல்ட் மட்டுமே.

பாதையைத் துண்டு துண்டாக அளந்தார்கள். கம்பத்துக்கும் கவ்விக்கும் இடையே 0.02. கவ்வியிலிருந்து வண்டியின் உடலில் ஒயர் முறுக்கப்பட்ட இடம்வரை 0.11. கியர்பாக்ஸுக்கும் மோட்டார் உறைக்கும் இடையே 0.03, எமரி தாள் வேலைக்குப் பலன் இருந்தது. மீதி 1.08 வோல்ட், வண்டியின் உடலையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பின்னல் பட்டையில், அதாவது எர்த் பட்டையில். சுமார் 150 ஆம்பியர் ஓடும் பாதையில் அவ்வளவு வோல்ட் இழப்பு என்றால் 160 வாட் அளவுக்கு அந்தச் சின்னப் பட்டையே வெப்பமாகத் தின்கிறது. தொட்டுப் பார்த்தபோது வெதுவெதுப்பாக இருந்தது.

கழற்றினால், பின்னலின் இழைகளில் ஏறக்குறைய பாதி அறுந்திருந்தது, மீதி பச்சை பூத்துப் பொடியாக உதிர்ந்தது. உடலின் பக்கத்தில் போல்ட் கையால் திருகும் அளவுக்குத் தளர்வு. அப்போதுதான் கிளட்ச் வேலையைப் பற்றி உரிமையாளர் சொன்னார். கியர்பாக்ஸைக் கழற்ற இந்தப் பட்டையை எடுத்தே ஆக வேண்டும். திரும்ப மாட்டியபோது சரியாக இறுக்கப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தளர்வில் ஈரம் புகுந்து அரித்திருக்கிறது.

## முதல் அளவில் இது ஏன் தெரியவில்லை

தடையின் குறுக்கே வோல்ட் இழப்பு தெரிய வேண்டுமானால் அதன் வழியே மின்னோட்டம் ஓட வேண்டும். பழைய மோட்டாரின் தொடுமுனைகள் கருகியிருந்ததால் பெரிய மின்னோட்டம் ஓடவே இல்லை. ஓடியது சாலினாய்டின் சுருள்கள் இழுத்த சில பத்து ஆம்பியர் மட்டுமே. நூற்றைம்பது ஆம்பியரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் தின்னும் பட்டை, அந்தச் சிறிய ஓட்டத்தில் கால் வோல்ட்டைச் சற்றுத் தாண்டுவதோடு நின்றுவிட்டது. குழாயின் வாயை மூடி வைத்திருக்கும்போது நடுவில் உள்ள அடைப்பு தெரியாதல்லவா, அப்படித்தான்.

இரண்டாவது காரணம் கறுப்பு முனையை வைத்த இடம். 30, 50, மூன்றாவது முனை எல்லாவற்றையும் அளக்கும்போது கறுப்பு முனை மோட்டாரின் உடலிலேயே இருந்தது. பக்கத்தில் இருந்ததால் அது வசதி. ஆனால் அப்படி அளக்கும்போது நெகடிவ் பக்கத்து இழப்பு தனி எண்ணாகத் தெரியாமல், மற்ற அளவுகளுக்குள் கரைந்துவிடுகிறது. நாம் கடந்துபோன அந்த 0.34 வோல்ட்டின் பெரும்பகுதி இந்தப் பட்டையினுடையதே. அவ்வளவு சிறிய ஓட்டத்திலேயே அது அந்த அளவு இழந்தது என்பதை அன்று யோசித்திருந்தால் பட்டையை அப்போதே பிடித்திருக்கலாம்.

## பழைய மோட்டாருக்குள்

இனி தேவையில்லை என்பதால் பழைய சாலினாய்டின் மடிப்பைப் பிரித்துத் திறந்தார்கள். செம்புத் தொடுமுனைகளில் ஒன்று பாதிக்கு மேல் தேய்ந்து, பள்ளம் பள்ளமாக உருகியிருந்தது. தகட்டின் விளிம்பும் கருகல். பிரஷ்கள் குட்டையாகியிருந்தாலும் இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும்.

வோல்ட்டேஜ் குறையும்போது சுருளின் பிடி தளர்கிறது. தகடு உறுதியாக அழுந்தாமல் துள்ளுகிறது. ஒவ்வொரு துள்ளலிலும் தீப்பொறி எழுந்து செம்பை உருக்குகிறது. மெதுவாகச் சுற்றுவதால் ஒவ்வொரு முறையும் மோட்டார் ஓட வேண்டிய நேரமும் நீள்கிறது. பன்னிரண்டு வருட உழைப்பும் இதில் சேர்ந்தது உண்மைதான். ஆனாலும் கடைசி ஓராண்டில் அந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்தியது எர்த் பட்டைதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பட்டை அப்படியே இருந்திருந்தால் புது மோட்டாரும் அதே வழியில் போயிருக்கும்.

ஸ்டார்ட்டர் மோட்டாரின் இயல்பே இந்த விஷயத்தில் பொறுமையற்றது. 1912-ஆம் ஆண்டு கேடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் வந்தபோது அதன் அடிப்படை யோசனை, இந்த மோட்டார் நாள் முழுக்க ஓடத் தேவையில்லை, சில விநாடிகள் ஓடினால் போதும் என்பது. அதனால்தான் சின்ன மோட்டாரின் மேல் அதன் தகுதிக்கு மீறிய சுமையை ஏற்ற முடிகிறது. தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் சுற்றாமல், நடுவில் ஆறவிட்டுச் சுற்றச் சொல்வது இன்றைக்கும் அதனால்தான்.

## விளைவு

புதுப் பட்டை வந்தது. உடலின் பக்கம் துருவையும் பெயின்ட்டையும் சுரண்டி வெறும் உலோகம் தெரியச் செய்து, பட்டையை இறுக்கி, அதற்கு மேல் கிரீஸ் பூசினார்கள். நெகடிவ் பக்கத்தின் மொத்த இழப்பு 1.24-இலிருந்து 0.19-க்கு வந்தது. பேட்டரிக் கம்பங்களில் இப்போது 10.3, முன்பைவிடக் குறைவு, காரணம் மோட்டார் இப்போது தனக்கு வேண்டியதைத் தடையில்லாமல் எடுத்துக்கொள்கிறது. மோட்டாருக்குச் சேர்வதோ 9.9 வோல்ட். என்ஜின் சுற்றும் ஓசையே மாறிவிட்டது. தயக்கம் இல்லை, சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது. வேலை முடிந்து பல மாதங்கள் ஆன பிறகும், நீண்ட ஓட்டத்துக்குப் பின் சூடான நிலையிலும், அந்த 'டக்' திரும்பவில்லை.

முதலில் மாற்றிய பேட்டரி தேவையே இல்லாத செலவாக இருந்திருக்கலாம். பழைய பேட்டரி கைவசம் இல்லாததால் அதைச் சோதிக்க வழியில்லை.

## அடுத்த முறை மாற வேண்டியவை

வண்டியின் வரலாற்றைக் கேட்பதை முதல் வேலையாக வைக்க வேண்டும். "எப்போதிலிருந்து இப்படி, அதற்குக் கொஞ்சம் முன்னால் எதையாவது கழற்றினார்களா?" என்று கேட்டிருந்தால் கிளட்ச் வேலை அன்றே தெரிந்திருக்கும், பட்டையைப் பார்க்கக் கையும் தானாகப் போயிருக்கும்.

கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகடிவ் கம்பத்திலேயே வைத்து அளக்க வேண்டும். மோட்டாரின் உடலையும் ஒரு புள்ளியாக எண்ணி, அதையும் அதே கம்பத்திலிருந்து அளக்க வேண்டும். மோட்டார் சுற்றாத நிலையில் இந்த அளவு சிறியதாக வந்தால் அதை நம்பிவிடக் கூடாது. புது மோட்டார் மாட்டிய பிறகு, முழு மின்னோட்டம் ஓடும்போது, இரண்டு பக்கத்தையும் மறுபடி அளக்க வேண்டும். அக்கா மகன் இதை இப்போது வேலையின் கடைசிப் படியாகவே வைத்துக்கொண்டிருக்கிறார்.

எர்த் பட்டையின் விலை மோட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். வயதான வண்டியில் ஸ்டார்ட்டரை மாற்றும்போது, அளவு நன்றாக வந்தாலும், இந்தப் பட்டையின் இரண்டு முனைகளையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிடுவது நல்லது. பட்டை முழுக்க அறுந்துபோனால், திரும்பிப் போக வழி தேடும் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் கேபிள் போன்ற மெல்லிய உலோகங்கள் வழியாகப் பாய்ந்து அவற்றின் உறையை உருக்கிய வண்டிகளும் உண்டு. காரணமே இல்லாமல் கேபிள் இறுகிப்போனால் எர்த்தை முதலில் பாருங்கள்.

இந்தப் பதிவைப் படித்துவிட்டு எல்லா வண்டியிலும் இதை வீட்டில் செய்யலாம் என்று இறங்க வேண்டாம். சிக்னலில் தானாக அணைந்து தானாகக் கிளம்பும் அமைப்பு உள்ள கார்களில் ஸ்டார்ட்டரும் பேட்டரி இணைப்பும் வேறு மாதிரி, சிலவற்றில் இரண்டாவது பேட்டரியே இருக்கும். ஹைபிரிட் கார்களில் பலவற்றுக்கு இந்த மோட்டாரே கிடையாது. உயர் வோல்ட்டேஜ் மோட்டார் என்ஜினைச் சுற்றும், அதில் வீட்டில் கை வைக்கவே கூடாது. ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் போகவும் கூடாது. சரியான ஸ்டாண்டும் சமமான கெட்டித் தரையும் இல்லையென்றால், வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போவதே சரி.